துபாய் நீதிமன்றத் தீர்ப்பை வைத்து இந்தியாவில் பணம் வசூலிக்க முடியுமா?

முடியும். ‘துபாய் தீர்ப்பு இங்கே செல்லாது, முதலிலிருந்து வழக்குப் போடணும்’ என்பவர்கள் பழைய நிலவரத்தைச் சொல்கிறார்கள். 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக, அதாவது அங்கே வந்த தீர்ப்பை இங்கே நேராக நிறைவேற்றலாம் என்ற நாடாக, அறிவித்துவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்கீழ் அந்தத் தீர்ப்பாணையை நேராக மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்று மனு போடலாம்.

உங்களுக்கு வரவேண்டியது பணம், எதிராளி ஊர் திரும்பிவிட்டார், அங்கே வழக்கில் ஆஜராகவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வரி, அபராதம், நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பு என்றால் 44ஏ பொருந்தாது.

தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதுவரை எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்று அதே நீதிமன்றம் தரும் சான்றிதழும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதைத்தான். ஒரு திர்ஹம்கூட வரவில்லை என்றாலும் அதை அந்த நீதிமன்றமே எழுதித் தர வேண்டும். உங்கள் பிரமாணப் பத்திரம் அதற்கு ஈடாகாது.

அரபு மூலத்தின் மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் எதிராளியின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஊரில் சொத்துப் பத்திரத்தில் ‘செ. முருகன்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ‘முருகன் செல்வராஜ்’ ஆகும். அரபுக்குப் போய்த் திரும்பும்போது ‘மொரோகன் சில்ஃபராஜ்’ என்று வந்து நிற்கும். ‘அது நான் இல்லை’ என்று ஜப்தியை இழுத்தடிக்க இதுவே போதும். வழக்குக் கட்டில் பாஸ்போர்ட் எண் உள்ள பக்கத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள்.

உண்மையான சண்டை அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவில்தான். வெளிநாட்டுத் தீர்ப்பைத் தடுக்க அதில் ஆறு காரணங்கள் உண்டு. எதிராளி ஆஜராகாமலே வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால், ‘வழக்கின் தகுதியை ஆராயாமல் தந்தது’ என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். எதிராளி வரவில்லை என்பதற்காக மட்டும் கேட்டதைக் கொடுத்திருந்தால் அது நிற்காது. 2001-இல் இன்டர்நேஷனல் வூலன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஒப்பந்தத்தையும் கணக்கையும் நீதிபதி பார்த்தார் என்பது தீர்ப்பிலேயே தெரிந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். சம்மன் எதிராளி கைக்குப் போய்ச் சேர்ந்த ஆதாரத்தையும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை, இயற்கை நீதி மீறல் என்ற வாதமும் கூடவே வரும்.

இன்னொரு பொறி: 44ஏ மனுவில் அதே சட்டத்தின் கட்டளை 21 விதி 22-இன்படி எதிராளிக்கு முதலில் அறிவிப்பு போகும். அது போய்ச் சேர்வதற்குள் வீடு மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் ஆகிவிடலாம். அதனால் மனு போடும் முன்பே வில்லங்கச் சான்று எடுத்துச் சர்வே எண்ணோடு சொத்து விவரத்தைத் தயாராக வையுங்கள். தாமதமானால் நீதியின் நோக்கமே கெடும் என்றால், காரணத்தைப் பதிவு செய்து அறிவிப்பு இல்லாமலே உத்தரவிட அதே விதியின் இரண்டாம் உட்பிரிவு இடம் தருகிறது. அதை மனுவிலேயே கேளுங்கள். ‘நடைமுறையில் இதெல்லாம் சுலபமாகக் கிடைக்காது’ என்று வக்கீல்கள் சிலர் சொல்வார்கள். சுலபம் என்று நானும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டால் நிச்சயம் கிடைக்காது.

இத்தனை தமிழர்கள் வாழும் அமெரிக்காவும் கனடாவும் இன்னும் பரஸ்பர நாடுகள் பட்டியலில் இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். அங்கே ஜெயித்தவர் தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இங்கே புதிய வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். ஜெயித்த வழக்குக்கு இன்னொரு முறை கட்டணம்!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிறைவேற்று மனுவுக்கான கால வரம்பு, தீர்ப்பு வந்த நாட்டுச் சட்டப்படிதான் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அங்கே நிறைவேற்ற முயன்று முழுத்தொகை வராமல் போயிருந்தால், அந்த நடவடிக்கை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு உண்டு. அந்த வழக்கில் லண்டன் தீர்ப்பு 1995-இல் வந்தது. பெங்களூரில் மனு போட்டது 2009-இல். இங்கிலாந்தின் ஆறு ஆண்டு வரம்பு எப்போதோ தாண்டியிருந்ததால் மனு தள்ளுபடி ஆனது. அமீரகத்தில் உங்கள் தீர்ப்புக்கு எத்தனை ஆண்டு என்று அங்குள்ள வக்கீலிடம் இந்த வாரமே எழுத்தில் வாங்குங்கள்.