கோப்பு சர்வர் திணறும்போது: கேள்வி பதில்

கேள்வி: சர்வரில் இருந்து எவ்வளவு பெரிய கோப்பை நகலெடுத்தாலும் வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. வன்தட்டை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், 11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைக்கும் உச்சம் நொடிக்கு 11 முதல் 12 மெகாபைட்தான். கிகாபிட் இணைப்பென்றால் 110 வரை வர வேண்டும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். எனவே ஒரு கம்பி அறுந்தாலோ கனெக்டரில் சரியாகப் பதியாமல் போனாலோ, இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கி, எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே காட்டும். லினக்ஸ் சர்வரில் ஈத்டூல் (ethtool) கட்டளையைக் கொடுத்து வேகம் காட்டும் வரியைப் பாருங்கள். 100 என்றிருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே பெரிய கோப்பு வேகமாகப் போகிறது, ஆனால் 20,000 சிறு கோப்புகள் உள்ள கோப்புறை ஊர்ந்து செல்கிறது. சர்வரில் என்எஃப்எஸ் (பிணையம் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) ஓடுகிறது.

பதில்: இங்கே தாமதம் தரவின் அளவால் அல்ல, கோப்புகளின் எண்ணிக்கையால் வருகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உருவாக்கு, எழுது, மூடு என்று கோரிக்கைகள் தனித்தனியே சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். கோப்புக்கு 5 மில்லிநொடி என்று வைத்தாலே 20,000 கோப்புகளுக்கு 100 நொடி காத்திருப்பிலேயே கழிந்துவிடும். அதோடு, பகிர்வு "சிங்க்" முறையில் இருந்தால் எழுதியது வன்தட்டில் உண்மையாகப் பதிந்த பிறகே சர்வர் பதில் சொல்லும், சுழலும் தட்டோ நொடிக்கு நூற்றுச் சொச்சம் சிதறிய எழுதல்களுக்கு மேல் தாங்காது. பதிவதற்குக் காத்திராமலே பதில் சொல்லும் "அசிங்க்" முறைக்கு மாற்றினால் வேகம் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் போனால், எழுதிவிட்டதாகச் சர்வர் உறுதி சொன்ன கோப்புகள் வட்டில் இல்லாமல் போகலாம் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்புறை முழுவதையும் ஒரே டார் (tar) கோப்பாகக் கட்டி அனுப்பிச் சர்வரிலேயே பிரிப்பது எளிய வழி.

எதை மாற்றுவதற்கு முன்னும் பிணையத்தையும் வட்டையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். ஐபெர்ஃப்3 (iperf3) என்ற கருவி வட்டைத் தொடாமல் பிணையத்தை மட்டும் அளக்கும். சர்வருக்குள்ளேயே கோப்பு எழுதிப் பார்க்கும் சோதனை வட்டை மட்டும் அளக்கும். சோதனைக் கோப்பு சர்வரின் ரேம் அளவைவிடப் பெரிதாக இருக்கட்டும், ஏனெனில் சிறிய கோப்பு ரேமிலேயே தங்கிவிடும்; அப்படி ரேமின் வேகத்தை வட்டின் வேகமென்று நம்பி நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: கோப்புப் பட்டியல் உடனே வருகிறது, பெரிய கோப்பைத் திறந்தால் மட்டும் அப்படியே உறைந்துவிடுகிறது.

பதில்: பிணையத்தில் தரவு செல்லும் பொட்டலங்களில் சிறியவை போகின்றன, பெரியவை வழியில் தொலைகின்றன என்று பொருள். யாரோ சர்வரில் எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) 9000 ஆக்கிவிட்டு இடையில் உள்ள ஸ்விட்சை 1500இலேயே விட்டிருக்கக்கூடும். பொட்டலத்தைத் துண்டாக்கத் தடை வைத்து 8972 பைட் அளவில் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) அனுப்பிப் பாருங்கள் (9000இல் தலைப்புகளுக்கான 28 பைட் போக மீதி இது). பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் 1500க்கே திருப்பிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11ஐப் புதுப்பித்த பிறகு, கடவுச்சொல் இல்லாத பகிர்வு திறக்க மறுக்கிறது.

பதில்: 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில் எஸ்எம்பி (விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறை) கையொப்பம், அதாவது செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் முத்திரை, இயல்பாகவே கட்டாயம். விருந்தினர் அணுகலில் கடவுச்சொல் இல்லாததால் கையொப்பமிட வழியில்லை, அதனால் இணைப்பு மறுக்கப்படுகிறது. பாதுகாப்பைத் தளர்த்தும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அவற்றைவிடச் சர்வரில் ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல் வைப்பது ஐந்து நிமிட வேலை.

கேள்வி: "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்ற பிழை ஏன் வருகிறது?

பதில்: என்எஃப்எஸ் வழியாக இணையும் கணினி கோப்புறையைப் பெயரால் அல்ல, சர்வர் முன்பே கொடுத்த அடையாளத்தால் நினைவில் வைத்திருக்கிறது. சர்வரில் யாராவது அந்தக் கோப்புறையை அழித்து அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால், பழைய அடையாளம் செல்லாக் காசாகிவிடும். உங்கள் கணினியில் அந்தப் பகிர்வின் இணைப்பை (மவுண்ட்) நீக்கி மறுபடி இணைத்தால் சரியாகும்.

கேள்வி: வட்டில் பாதி இடம் காலியாக இருந்தும் "இடமில்லை" என்கிறதே?

பதில்: ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்புப் பதிவுகள்) தீர்ந்திருக்கும், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. டிஎஃப் கட்டளையை ஐ விருப்பத்துடன் (df -i) கொடுத்தால் தெரிந்துவிடும், பெரும்பாலும் யாரும் துடைக்காத ஒரு தற்காலிகக் கோப்புறையில் இலட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்திருக்கும்.