பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும், அக்கா

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. இடது மார்பில் 2.2 சென்டிமீட்டர் கட்டி, பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது. ஹார்மோன் பாசிட்டிவ், அக்குளில் நெறி எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம், இல்லை மார்பை முழுசாக எடுத்துவிடலாம், இரண்டுமே உங்களுக்குச் சரிவரும், பத்து நாளில் யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதே நோயைக் கடந்து வந்த பெண்கள் கூடும் ஒரு குழுவுக்குப் போனேன். ஒருவர், “ரெண்டையும் எடுத்துடு, அப்பதான் தூக்கம் வரும்” என்றார். இன்னொருவருக்குக் கட்டியை மட்டும் எடுத்து, ஆறு வருஷத்தில் அதே மார்பில் திரும்ப வந்ததாம். மூன்றாவது ஒருவர், “எடுத்தது தப்பு, கண்ணாடி பார்க்கவே முடியலை” என்று அழுதார். ஒரு அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் நம்பரை எழுதிக் கொடுத்தார், நான் இன்னும் கூப்பிடவில்லை. கணவர் “உன் இஷ்டம்” என்கிறார். (அம்மாவின் தங்கைக்கு 50 வயதில் சினைப்பையில் கேன்சர் வந்தது. அது வேறு என்பதால் டாக்டரிடம் சொல்லவில்லை.) அந்தக் குழுவுக்குப் போகாமலே இருந்திருக்கலாமோ? நான் எதைத் தேர்ந்தெடுக்க?

பதில்: அன்புத் தோழி,

நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்த அந்தக் கடைசி விஷயத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும். சித்தியைப் பற்றி இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்க வேண்டாம். மார்பகமும் சினைப்பையும் வேறு வேறு உறுப்புதான், ஆனால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன, அவற்றில் பிழையோடு பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு இடத்திலுமே புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறிவிடும். 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 100-க்கு 70 என்ற அளவில் இருக்கும், ஒரு பக்கம் வந்தபின் மறுபக்கம் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட நிறைய அதிகம். (அப்பா வழியிலும் இது வரும். அம்மா வீட்டுக் கதையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.) ரத்தத்திலோ எச்சிலிலோ செய்கிற பரிசோதனைதான். ரிசல்ட் வரச் சில வாரம் பிடிக்கலாம், அதனால் “ரிசல்ட்டுக்குக் காத்திருக்கலாமா, இல்லை கட்டியை முதலில் எடுத்துவிட்டு மற்றதை அப்புறம் முடிவு பண்ணலாமா” என்று கேளுங்கள். அந்தப் பிழை உங்களுக்கு இருந்தால் “ரெண்டையும் எடுத்துடு” என்ற பேச்சுக்கு மருத்துவரீதியாகவே அர்த்தம் வந்துவிடும். 2013-ல் ஏஞ்சலினா ஜோலி இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டதைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அவருக்குப் புற்றுநோய் வந்திருக்கவில்லை, பிஆர்சிஏ1 பிழை இருந்தது, வருமுன் காப்பதற்காகச் செய்துகொண்டார்.

பிழை இல்லை என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. அப்போது மறுபக்க மார்பில் புதிதாக வரும் வாய்ப்பு வருஷத்துக்கு இருநூறில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கும், உங்களுடையது ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது பெண் ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகை என்பதால் நீங்கள் சாப்பிடப்போகிற ஹார்மோன் தடுப்பு மாத்திரை அதையும் இன்னும் குறைக்கும். நோயில்லாத மார்பை எடுப்பதால் ஆயுள் கூடுகிறது என்று இந்த நிலையில் உள்ளவர்களிடம் நிரூபிக்கப்படவில்லை.

சரி, இடது மார்புக்கு வருவோம். முழுசாக எடுத்தால்தான் பிழைப்போம் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு, அந்தக் காலத்து டாக்டர்களுக்கே இருந்தது. ஹால்ஸ்டட் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் வழியில் பல பத்தாண்டுகள் மார்பையும் அதற்கடியில் இருக்கிற தசையையும் அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து வழித்தெடுத்தார்கள், எவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்பி. இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் பெர்னார்ட் ஃபிஷர். 1976-ல் தொடங்கிய அவருடைய ஆய்வில் 1,851 பெண்களை 20 வருஷம் பின்தொடர்ந்தார்கள், 2002-ல் முடிவு வந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் முழு மார்பையும் எடுத்தவர்களுக்கும் உயிர்வாழ்வதில் வித்தியாசம் இல்லை. இத்தாலியில் வெரோனெசி 701 பெண்களிடம் செய்த ஆய்வும் அதே வருஷம் அதையே சொன்னது. குழுவில் நீங்கள் பார்த்த மாதிரி அதே மார்பில் நோய் திரும்ப வந்தவர்கள் ஃபிஷரின் ஆய்வில் இருந்தார்கள், ரேடியேஷன் எடுத்தவர்களில் நூற்றுக்குப் 14 பேர், எடுக்காதவர்களில் 39 பேர். அவர்களையும் சேர்த்துப் பார்த்தும்தான் 20 வருஷத்தில் உயிர்வாழ்வதில் வித்தியாசம் இல்லை என்று வந்தது. இப்போது மருந்துகளும் சிகிச்சையும் முன்னேறிவிட்டதால் திரும்ப வருவது அந்த 14-ஐ விடவும் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆக, கட்டியை மட்டும் எடுப்பது என்று முடிவெடுத்தால் ரேடியேஷனும் அந்த முடிவுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தினமும் போய்வர முடியுமா, எத்தனை வாரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த சதையின் ஓரம் சுத்தமாக இல்லாவிட்டால் சிலருக்கு இரண்டாவது தடவையும் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், அதையும்.

இப்போது ஒன்றை உங்களிடம் ஒத்துக்கொள்ளணும். 11 வருஷத்துக்கு முன்னால் எனக்கு வலது மார்பை முழுசாக எடுத்தார்கள். ஒரே மார்பில் இரண்டு வெவ்வேறு மூலையில் கட்டி இருந்தது, அதனால் எனக்கு இதுவா அதுவா என்ற கேள்வியே வரவில்லை. ஆனால் ஆறிய பிறகு நான் அதை என்னுடைய தேர்வு மாதிரியே பேசத் தொடங்கிவிட்டேன். உங்களைப் போலவே பயந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், “முழுசா எடுத்துடுங்க, ரேடியேஷன் தொல்லை கிடையாது, நிம்மதியா இருக்கலாம்” என்று சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டார். அக்குளில் நான்கைந்து முடிச்சுகளில் நோய் பரவியிருந்தது ஆபரேஷனுக்குப் பின்னால்தான் தெரிந்தது, அப்படி இருந்தால் முழு மார்பை எடுத்தாலும் ரேடியேஷன் கொடுப்பார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. “நிம்மதின்னு சொன்னீங்களேக்கா” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

ஆனால் குழுவுக்குப் போகாமலே இருந்திருக்கலாமோ என்கிறீர்களே, அங்கே மட்டும் நான் உங்களோடு சண்டை போடுவேன். போனது நல்லது. கேட்ட கேள்விதான் இடறிவிட்டது. “நீங்கள் எதைச் செய்துகொண்டீர்கள், நான் எதைச் செய்ய” என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் உடம்பை, தன் ரிப்போர்ட்டை, தன் பயத்தை எடுத்து உங்கள் மடியில் வைப்பார்கள், அன்பினால்தான் வைப்பார்கள். அந்த மூன்று பேரின் கட்டி எவ்வளவு பெரிசு, என்ன வகை, மரபணுப் பரிசோதனையில் என்ன வந்தது, உங்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. நன்றாகத் தேறி வேலை, குடும்பம் என்று போய்விட்டவர்கள் இப்படிக் கூட்டங்களுக்கு வருவது குறைந்துவிடும், திரும்ப வந்தவர்களும் ஆறாத மனசோடு இருப்பவர்களும்தான் அடிக்கடி வருவார்கள், வரவும் வேண்டும். ஆகவே அங்கே கேட்டதை வைத்து எத்தனை பேருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்காதீர்கள். அந்தக் கணக்கு டாக்டரிடம் கேட்க வேண்டியது.

அனுபவப்பட்டவர்களிடம் கேட்க வேறு விஷயம் மலைபோல் இருக்கிறது. 1952-ல் டெரீஸ் லாஸர் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு மார்பை எடுத்தார்கள். கையை எப்படித் தூக்குவது, என்ன உடுத்துவது என்று சொல்ல ஆளே இல்லை. தேறியதும் அவரே ஆஸ்பத்திரிகளுக்குப் போய், புதிதாக ஆபரேஷன் ஆன பெண்களைப் பார்க்க ஆரம்பித்தார், கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிகப் பஞ்சு மார்பகம். பந்தும் கயிறும் தோள் இறுகிப்போகாமல் பயிற்சி செய்வதற்கு. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் அதைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. அதில் போகிற பெண்கள் மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது என்பது விதி. எனக்கு முன்பே அது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கும் அப்படி ஒருவர் வந்தார். ஆபரேஷனுக்கு முதல் நாள், வார்டில் யாரோ ஒருவரைப் பார்க்க வந்தவர், நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “பார்க்கணுமா?” என்றார். எதை என்று புரியவில்லை. குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டு, சட்டை பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் மனசுக்குள் ஏதோ பள்ளம், ஏதோ கோரம் என்று கற்பனை பண்ணி வைத்திருந்தேன். நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள் வரை வெளுத்த ஒரு கோடு, அவ்வளவுதான், அக்குள் பக்கத்தில் மட்டும் தோல் கொஞ்சம் மடிந்திருந்தது. “தொட்டுப் பாருங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது, மரத்துப் போச்சு” என்றார். தொட்டேன். சூடாக இருந்தது, சாதாரண உடம்புச் சூடு. எந்த டாக்டரும் எனக்கு அந்த நிமிஷத்தைக் கொடுத்திருக்க முடியாது.

கண்ணாடி பார்க்க முடியவில்லை என்று அழுதவரை மறந்துவிடாதீர்கள், அவர் சொன்னதும் உண்மை. அவருக்கு யாராவது முன்கூட்டியே காட்டியிருந்தார்களா, மார்பை மீட்டமைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசினார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. முழுசாக எடுப்பதாக நீங்கள் முடிவெடுத்தால் இதைக் கட்டாயம் முன்னாலேயே பேசிவிடுங்கள். சிலிகான் வைப்பது, வயிற்றுச் சதையை எடுத்து வைப்பது, உடனே செய்வது, ஒரு வருஷம் கழித்துச் செய்வது, எதுவும் வேண்டாம் என்று தட்டையாகவே விடுவது, எல்லாமே நல்ல முடிவுதான். நான் தட்டையாகத்தான் இருக்கிறேன். உடனே செய்ய வேண்டுமென்றால் மார்பை எடுக்கும்போதே திட்டமிடணும், ரேடியேஷன் வேண்டிவருமா என்பதும் அதைப் பாதிக்கும்.

அக்குள் முடிச்சுகளைப் பற்றியும் கேளுங்கள், எந்த ஆபரேஷனாக இருந்தாலும் இது உண்டு. சாயம் செலுத்தி முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிற சென்டினல் நோட் பயாப்ஸி உங்களுக்குச் செய்வார்களா? மொத்தமாக எடுப்பதைவிட அதில் பின்னால் கை வீங்கும் அபாயம் நிறையக் குறைவு.

அப்புறம் அந்தப் பத்து நாள். அது உங்களுக்குச் சுமையாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் பெண்களை மயக்கத்தில் கிடத்திக் கட்டியைச் சோதித்து, கேன்சர் என்றால் அதே மேஜையிலேயே மார்பையும் எடுத்துவிடுவார்கள். விழிக்கும்போது மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். 1974-ல் நோய் கண்டறியப்பட்ட ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதற்கு உடன்படாமல் போராடினார், 1979-ல் அமெரிக்க அரசின் மருத்துவ நிபுணர் குழு பயாப்ஸியையும் ஆபரேஷனையும் பிரித்துச் செய்யச் சொன்னது. அப்படிக் கிடைத்த நாட்கள்தான் இவை. உங்களுக்கு இருப்பது போன்ற கட்டியில் இரண்டு மூன்று வாரம் யோசிப்பதால் பொதுவாகக் கெடுதல் வராது. “எனக்கு எத்தனை நாள் அவகாசம், அதைத் தாண்டினால் என்ன” என்று டாக்டரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.

இந்த நாட்களில் ராத்திரி ஒரு தாளை எடுத்து, எது நடந்தால் தாங்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். ஒவ்வொரு தடவை மேமோகிராம் எடுக்கும்போதும் நெஞ்சு படபடக்கும் என்பதா, குளிக்கும்போது குனிந்து பார்க்க முடியாது என்பதா, உணர்ச்சி போய்விடும் என்பதா. யாருக்கும் காட்ட வேண்டாம். இரண்டு வழியிலும் ஆயுள் ஒன்றுதான் என்றால் மீதியைத் தீர்மானிப்பது அந்தத் தாளில் இருப்பதுதான், அதை வேறு யாராலும் எழுத முடியாது.

கணவர் “உன் இஷ்டம்” என்கிறாரே, அது கோபம் வருகிற பதில்தான். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்தும் அப்படிச் சொல்லியிருப்பார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். டாக்டரிடம் கூட வரட்டும், அனுமதி கேட்டுப் பேச்சை ஃபோனில் பதிவு பண்ணட்டும், கேள்விகளை அவர் எழுதி வைத்துக்கொண்டு விட்டுப்போனதைக் கேட்கட்டும். அந்த அறைக்குள் நமக்குப் பாதி காதில் ஏறாது.

நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்த அந்த அம்மாவை இன்று சாயங்காலமே கூப்பிடுங்கள். எதைச் செய்துகொண்டார் என்று கேட்க வேண்டாம், பேச்சுவாக்கில் அதுவாகவே வரும். காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைக்கிற டிரெயின் டியூபை எங்கே மாட்டிக்கொண்டு நடந்தார், எத்தனை நாள் இருந்தது என்று கேளுங்கள். எந்தப் பக்கம் படுத்தார், தலையணையை எங்கே வைத்தார், தலைக்குமேல் கை தூக்க எவ்வளவு நாள் ஆனது, முன்பக்கம் பட்டன் வைத்த உடை எத்தனை வாங்கினார், கட்டுப் பிரித்த முதல் நாள் யார் கூட இருந்தார்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்கள், முழுசாக எடுத்தவர்கள் என்று இரண்டு பக்கத்திலும் அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் இதையே கேட்டுவிட்டு வாருங்கள். “பார்க்கலாமா” என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்னால் சித்தி விஷயம். முதல் ஃபோன் டாக்டருக்கு.