பன்னெண்டு வாரம் ஸ்கூல்

அன்புள்ள சார்,
பொண்ணுக்கு ஏழு வயசு. ஸ்கூலை நிறுத்திட்டு வீட்லயே சொல்லிக் குடுக்கலாமான்னு நானும் வீட்டுக்காரரும் பேசிட்டிருக்கோம். கட்டாயக் கல்விச் சட்டமே ஃபேக்டரிக்கு ஆள் தயார் பண்ணத்தான் வந்துச்சுன்னு ஒரு வீடியோல பாத்தேன், நிஜமா?
ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரி,

அந்தக் கதை எனக்கும் வந்துச்சு. ஆனா அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல நடந்ததைப் பாத்தா தலைகீழால்ல இருக்கு. துணி மில்லுங்கள்ல சின்னப் பசங்களை வச்சு வேலை வாங்கிட்டிருந்த காலம், 15 வயசுக்குக் கீழ மில்லுக்குப் போற பிள்ளை வருஷத்துல மூணு மாசமாவது படிச்சிருக்கணும்னு 1836லயே ஒரு சட்டம் போட்டாங்க, அப்புறம் 1852ல எல்லாப் பிள்ளைங்களுக்கும், 8லேர்ந்து 14 வயசு வரைக்கும், வருஷத்துக்கு 12 வாரம், அதுல 6 வாரம் விடாம. 12 வாரம்தாங்க! நம்மூர்ல காலாண்டுப் பரீட்சைக்குள்ள முடிஞ்சிரும். அனுப்பலேன்னா 20 டாலர் வரைக்கும் அபராதம்.

இதுல யாரும் சொல்லாத விஷயம், வேற வழியில அதே அளவு படிப்பு கிடைச்சிருந்தா குத்தமில்லன்னு அந்த சட்டத்துலயே எழுதியிருக்கு. வீட்டுப் படிப்புக்கு அன்னிக்கே கதவு திறந்துதான் இருந்துச்சு. கூடவே இன்னொண்ணு, வறுமையால அனுப்ப முடியலேன்னாலும் அபராதம் கிடையாது. அப்ப மில்லுக்குப் போற ஏழைப் பையன்தான் முதல்ல நழுவுவான், படிச்சப்போ எனக்கு எரிச்சலா வந்துச்சு.

சட்டம் போட்டவங்க மனசு சுத்தம்னு சொல்ல வரல, அயர்லாந்துப் பஞ்சத்துல பொழைக்க வந்து குவிஞ்ச கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைங்களை வழிக்குக் கொண்டு வரணும்ங்கற நினைப்பும் இருந்துச்சு. 1922ல அமெரிக்காவுலயே ஓரிகன் மாநிலத்துல அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் அனுப்பணும்னே சட்டம் வந்து, 1925ல சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுச்சு. அந்தக் கதவை இறுக்கி மூடினது ஜெர்மனி, 1938ல, அங்க இன்னிக்கும் வீட்டுப் படிப்புக்கு அனேகமா இடமில்ல.

நம்ம நாட்டோட 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துல 6லேர்ந்து 14 வரைக்கும் பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு இருக்கு, ஆனா சேர்க்கலேன்னா பெத்தவங்களுக்கு இன்ன தண்டனைன்னு எதுவும் இல்ல. அந்தக் 'கட்டாயம்' முக்கியமா அரசாங்கத்துக்குப் போட்ட கட்டாயம். பின்னாடி பத்தாவது எழுத என்ஐஓஎஸ்னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு, 14 வயசு ஆகணும்.

சட்டத்தை விடுங்க, தினமும் உக்காந்து சொல்லிக் குடுக்கப் போறது யாரு, நீங்களா அவரான்னு எழுதவே இல்லையே?