'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்தில் வழக்கறிஞர் கோபயாஷியாக நடித்தவர் யார்? வேறு எந்தப் படங்களில் நடித்திருக்கிறார்?

அவர் பீட் போஸ்ல்த்வெயிட். 1946இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் பிறந்தவர். முதலில் ஆசிரியராக வேலை பார்த்தார், அப்புறம் பிரிஸ்டலில் நடிப்புப் பயிற்சி. லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கில்தான் அவருடைய நடிப்பு உருவானது. ஜூலி வால்டர்ஸ், பில் நை போன்ற நடிகர்களும் அங்கே நடித்தவர்கள்தான்.

திரையில் நிலைபெற அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தில் வீட்டையே நடுங்கவைக்கும் தந்தை. ஐந்தே ஆண்டுகளில் 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்தில் அதற்கு நேர் எதிரான தந்தை: செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் வாடும் ஜூசெப்பே கான்லன். குரலை உயர்த்தாமலேயே அந்த மனிதரின் கண்ணியத்தைக் காட்டியிருப்பார். ஆஸ்கர் துணை நடிகர் பரிந்துரை அதற்குத்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால் பரிசே கொடுத்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் 'ஷார்ப்' தொடரின் கொடூரன் ஹேக்ஸ்வில்லாக வந்தார். ஸ்பீல்பெர்க் அவரை 'தி லாஸ்ட் வேர்ல்டு', 'அமிஸ்டாட்' என இரண்டு படங்களில் நடிக்க வைத்தார், உலகின் மிகச் சிறந்த நடிகர் என்றும் புகழ்ந்தார். 2008இல் மறுபடி எவ்ரிமேனுக்கே போய் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் லியர் அரசனாக நடித்தார். 'இன்செப்ஷன்' படத்தில் மரணப் படுக்கையில் கிடக்கும் தொழிலதிபரும் அவரே. 2011 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார்.

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் 'பிராஸ்ட் ஆஃப்' (1996) பாருங்கள். மூடப்படும் சுரங்கத்தின் இசைக்குழுத் தலைவராக, லண்டன் ஆல்பர்ட் ஹால் அரங்கில் வென்ற கோப்பையை மறுத்து அவர் பேசும் காட்சிக்காகவே பார்க்கலாம்.