பாய்மர உச்சிக் காற்றுக்காட்டி வழியில முறியாமல் இருக்க

பாய்மரப் படகை றோட்டால இழுத்துக்கொண்டு போக முதல், பாய்மர உச்சியில இருக்கிற காற்றுக்காட்டியையும் (காற்றுத் திசையைக் காட்டிற கருவி) அன்ரெனாவையும் கழற்றி வாகனத்துக்குள்ள வையுங்கோ. திருகோணமலையிலிருந்து காரைநகருக்குப் படகை இழுத்து வரேக்க, சாக்குச் சுற்றியும் காற்றுக்காட்டி முறிஞ்சது எண்டு எழுதியிருந்தியள். சாக்கு உரசலைத்தான் தடுக்கும், அடியைத் தடுக்காது.

காரணம் அநேகமாகக் காற்றில்லை, துள்ளல். படுக்க வைச்ச பாய்மரத்தின்ர உச்சி தாங்கியில்லாமல் பின்னால நீட்டிக்கொண்டு நிண்டால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூண்டில் தடி மாதிரி ஆடும். உச்சியைக் கையால அமத்தி விட்டுப் பாருங்கோ. ரெண்டு மூண்டு தரம் துள்ளினால் பின்தாங்கியை உச்சிப் பக்கமா நகர்த்துங்கோ. நீட்டி நிக்கிற முனையில சிவப்புத் துணியும் வேணும்.

உச்சியில இருக்கிற, கழற்ற ஏலாத லைற்றுக்கும் கப்பிக்கும் பழைய பெயின்ற் வாளியைக் கவிழ்த்து, உள்ளுக்கு மெத்தைப் பஞ்சு அடைச்சு, பாய்மரத்தோட கட்டுங்கோ. கயிறு லைற்றில படவே கூடாது. என்ர லைற்றின்ர அடிப்பாகம் அப்பிடித்தான் வெடிச்சது. பொன்னாலைப் பாலத்தடியில இறங்கிப் பார்க்கேக்க வயரில தொங்கிக்கொண்டு நிண்டது.

மூட முதல் நல்லதண்ணியால கழுவிக் காயவிடுங்கோ. உப்போட பொலித்தீனில கட்டினால் வயர் முனை பச்சை பிடிச்சிடும்.

திரும்பப் பாய்மரத்தை நிமித்த முதல், மேல கரண்ட் வயர் போகுதோ எண்டு கட்டாயம் பாருங்கோ.