புல்வெளி கொடுத்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமானத்தின் முதல் பத்தாண்டுகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் ஓரிடத்தில், இயந்திரம் செய்தவர்களுக்கு அடுத்தபடியாக நிலம் கொடுத்தவர்களுக்குத்தான் விமானம் கடன்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது கொஞ்சம் மிகையாகப் பட்டது. அந்தக் காலத்துத் தனியார் விமானத் திடல்கள் பணக்காரர்கள் பொழுதுபோக்கிய இடங்கள்தானே? குதிரைப் பந்தயம் சலித்துப்போனவர்கள் விமானத்துக்கு வந்தார்கள். அரசும் ராணுவமும் உள்ளே வந்த பிறகுதான் அது உருப்படியான தொழில்நுட்பமாக ஆயிற்று என்பது என் புரிதல்.

இன்னொரு சந்தேகம். அந்தக் காலப் புகைப்படங்களில் ஓடுபாதையே கண்ணில் படவில்லை. வெறும் புல்தரைதான். சிமென்டும் தாரும் அப்போதே இருந்தனவே, ஏன் போடவில்லை? அந்தத் திடல்களில் ஏதாவது இன்று மிச்சமிருக்கிறதா?

கே.

*

அன்புள்ள கே,

அந்த வரியை நான் திரும்பப் பெறுவதாக இல்லை. ஆனால் விளக்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது என் தப்புதான்.

1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்கள் பறந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று அவர்கள் அதிகபட்சமாகக் காற்றில் இருந்தது 59 விநாடி. அதற்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. 59 விநாடி நேராகப் போய் மண்ணில் இறங்கும் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைத் திருப்பத் தெரியவேண்டும், வட்டமடிக்க வைக்கவேண்டும், உடையாமல் இறக்கவேண்டும். அதற்கு மறுபடி மறுபடி ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் தொலைதூரக் கடற்கரைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கூடாரம் அடிக்க முடியாது.

அவர்கள் ஊரான டேட்டனுக்குச் சற்று வெளியே, டிராம் நிறுத்தத்தை ஒட்டி, டாரன்ஸ் ஹஃப்மன் என்ற வங்கியாளருக்கு 84 ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருந்தது. போய்க் கேட்டார்கள். வாடகை வேண்டாம் என்றார். ஒரே நிபந்தனை, பறப்பதற்கு முன்னால் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு வெளியே ஓட்டிவிடவேண்டும். விமான வரலாற்றின் முதல் பாதுகாப்பு விதி இதுவாகத்தான் இருக்கும்!

நிலம் ஒன்றும் சிறப்பானதல்ல. மேடும் பள்ளமும் சேறும். கிட்டி ஹாக்கின் பலமான எதிர்க்காற்றும் இங்கே கிடையாது. காற்று குறைந்தால் கிளம்புவதற்கு அதிக வேகம் வேண்டும், அதற்கு நீளமான தண்டவாளம் வேண்டும். (அவர்களுடைய விமானத்துக்கு அப்போது சக்கரம் இல்லை, மரத் தண்டவாளத்தின் மேல் வழுக்கித்தான் கிளம்பும்.) நூறு அடி, இருநூறு அடி என்று தண்டவாளத்தைப் போட்டு முடிப்பதற்குள் காற்று திசை மாறிவிடும். திரும்பவும் பெயர்த்து எடுத்துத் திருப்பிப் போடவேண்டும். இந்த அவஸ்தைக்கு அவர்கள் கண்ட வழிதான் கவண். சுமார் 20 அடி உயர மரக் கோபுரம், உச்சியில் அரை டன்னுக்கும் மேற்பட்ட எடை, கயிறு, கப்பிகள். எடை கீழே விழும்போது கயிறு விமானத்தை முன்னால் இழுத்து எறியும். 1904 செப்டம்பரில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதே மாதம் 20ஆம் தேதி முதல் முழு வட்டம் அடித்துக் காட்டினார்கள். அந்தக் கவணை யோசிக்க வைத்தது அந்த மோசமான நிலம்தான்.

அந்த வட்டத்தை நேரில் பார்த்து எழுதியது செய்தித்தாள்காரர் அல்ல, தேனீ வளர்ப்புப் பத்திரிகை நடத்திய ஏமஸ் ரூட். 1905 ஜனவரியில் தன் தேனீப் பத்திரிகையிலேயே அதை வெளியிட்டார். செய்தியாளர்களை ரைட் சகோதரர்கள் அதற்கு முன்பே ஒருமுறை அழைத்திருந்தார்கள். அன்று பார்த்து இயந்திரம் சரியாக ஓடவில்லை, வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

1905 அக்டோபர் 5 அன்று வில்பர் 39 நிமிடம் காற்றில் இருந்தார். கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் அந்தத் திடலைச் சுற்றியே பறந்து முடித்தார். வேலியைத் தாண்டிப் போனால் இறங்க இடமில்லை என்பதுதான் காரணம். விமானம் என்பது அன்றைக்கு ஒருவர் மனமுவந்து கொடுத்த 84 ஏக்கருக்கு மேல் மட்டுமே இருந்த ஒரு பொருள்.

சரி, பணக்காரர்கள். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, மறுக்கமாட்டேன். 1909 மே மாதம் பாரிஸுக்குத் தெற்கே திறந்த போர்-அவியாசியோன், விமானத்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முதல் திடல்களில் ஒன்று. பார்வையாளர் மாடங்களோடு அப்படியே குதிரைப் பந்தய மைதானம் மாதிரி இருந்தது. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் கார் பந்தயத் தடத்துக்கு நடுவே இருந்த திடல். அதன் ஓரத்தில் ஒரு கழிவுநீர்ப் பண்ணை. பயிற்சியில் தடுமாறியவர்கள் சிலர் நேராக அதற்குள்ளேயே போய் விழுந்தார்கள். சீமான்களின் பொழுதுபோக்கு என்று சொல்லும்போது இந்த வாசனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே புரூக்லண்ட்ஸில்தான் ஏ.வி. ரோ இருந்தார். காசில்லாதவர். 1908இல் தன் விமானத்தை அங்கே கொண்டுவந்து சோதித்துப் பார்த்தார். நிர்வாகத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை, இடத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். லண்டன் பக்கம் ஒரு சதுப்பு வெளியில், ரயில் பாலத்தின் வளைவுகளை வாடகைக்குப் பிடித்து, அங்கே உட்கார்ந்து மூன்றடுக்கு இறக்கை விமானம் ஒன்றைச் செய்தார். இறக்கைக்குத் துணி வாங்கப் பணமில்லாமல் தாள் ஒட்டினார். 9 குதிரைத்திறன் இயந்திரம். 1909 ஜூலையில் அது சுமார் 100 அடி பறந்தது. புரூக்லண்ட்ஸ் நிர்வாகம் கைமாறிய பிறகு 1910இல் அவரால் திரும்பி வர முடிந்தது. இயந்திரம் இருந்தும் இடம் இல்லாதவனின் கதை இது. அன்றைக்கு இப்படி எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்களோ, அவர்களுக்கெல்லாம் வரலாற்றில் பெயர் இல்லை.

அரசு வந்த பிறகுதான் உருப்பட்டது என்கிறீர்கள். அரசு எந்த வாசல் வழியாக வந்தது? இங்கிலாந்தின் ஷெப்பி தீவில் ஈஸ்ட்சர்ச் என்னும் இடத்தில் பிரான்சிஸ் மக்ளீன் என்ற செல்வந்தர் நிலம் வாங்கி, விமான ஆர்வலர்களின் சங்கமான ஏரோ கிளப்புக்குப் பெயரளவு வாடகைக்குக் கொடுத்திருந்தார். 1911இல் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பறக்கத் தெரிந்த அதிகாரிகள் வேண்டியிருந்தது. கடற்படையிடம் விமானமும் இல்லை, திடலும் இல்லை. மக்ளீன் தன் விமானங்களைக் கொடுத்தார், கிளப் உறுப்பினர் ஒருவர் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். நான்கு அதிகாரிகள் கற்றுக்கொண்டார்கள். கடற்படையின் விமானப் பிரிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. ஹஃப்மன் நிலமும் அப்படியே. 1910 முதல் 1916 வரை அது ரைட் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி. 1917இல் ராணுவம் குத்தகைக்கு எடுத்தது. இன்று அது ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது.

பிரான்சின் கதை வேறு என்பதையும் சொல்லிவிடவேண்டும். அங்கே ஹென்றி ஃபார்மன் என்ற விமானி 1908 ஜனவரியில் ஒரு கிலோமீட்டர் சுற்றை முடித்த இஸ்ஸி திடல் ராணுவத்தின் அணிவகுப்பு மைதானம். அந்த இடத்தில் உங்கள் கட்சி ஜெயிக்கிறது.

இனி ஓடுபாதை. கேள்வியை நான் திருப்பிப் போடுவேன். அவர்களுக்கு ஓடுபாதை எதற்கு? அன்றைய விமானம் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மேலெழும். பக்கவாட்டில் சற்றுப் பலமாகக் காற்று அடித்தாலே கவிழ்ந்துவிடக்கூடும். ஆகவே எழுவதும் இறங்குவதும் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான். காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். ஒரே ஒரு பாதை போட்டால் பல நாட்கள் அது உதவாது. எல்லாப் பக்கமும் திறந்த, வட்டமோ சதுரமோ ஆன புல்தரைதான் சரியான வடிவம். புகைப்படத்தில் நீங்கள் பார்த்த அந்த 'வெறும் புல்தரை' முழுவதுமே ஓடுபாதைதான்.

இன்னொன்று, அந்த விமானங்களுக்கு பிரேக் கிடையாது. வாலுக்கு அடியில் ஒரு கட்டை தரையில் உரசிக்கொண்டே வரும். புல்லில் அது உழுது வேகத்தைக் குறைக்கும். சிமென்டில் அதற்குப் பிடி கிடைக்காது. கான்கிரீட் இருந்திருந்தால் அவர்கள் வேண்டாம் என்றிருப்பார்கள்.

தனியார் புல் திடல்களின் கதை முடிந்ததும் இதனால்தான். 1920களின் இறுதியிலிருந்து விமானங்கள் கனத்தன, பயணிகள் ஏறினார்கள், மழை பெய்தாலும் கிளம்பியாகவேண்டும் என்று ஆனது. ஈரப் புல்லில் கனமான விமானத்தின் சக்கரம் புதையும். பிரேக் வந்துவிட்டதால் கெட்டித் தரை தொல்லையாக இல்லாமல் தேவையாக மாறியது. நீளமான கான்கிரீட் பாதையை, அதுவும் இரண்டு மூன்று திசைகளில் போடுவது பெருஞ்செலவு. ஹென்றி ஃபோர்டு மாதிரி ஒருவரால் முடியும். அவரே 1924இல் டியர்போர்னில் சொந்தத் திடல் திறந்து, பிறகு கான்கிரீட்டும் போட்டு, பின்னாளில் மூடிவிட்டார். மற்றவர்களால் நகராட்சிகளோடும் அரசாங்கங்களோடும் போட்டி போட முடியவில்லை. கூடவே நகரம் வளர்ந்து வேலிவரை வந்தது. சமதளமான, மரமில்லாத, சாலை வசதியுள்ள பெரிய நிலத்தை வீட்டுமனைக்காரர் விடுவாரா? 1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய, நியூயார்க் அருகே உள்ள ரூஸ்வெல்ட் திடல் இருந்த இடத்தில் 1956 முதல் வணிக வளாகம் இருக்கிறது. லண்டனில் கிளாட் கிரஹாம்-வைட் என்ற விமானி உருவாக்கிய ஹெண்டன் திடலை முதல் உலகப் போரின்போது அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் அவருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை, நீண்ட இழுபறிக்குப் பின் 1925இல் இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகினார். இப்போது அங்கே குடியிருப்பும் விமானப்படை அருங்காட்சியகமும்.

மிச்சம் உண்டு. அமெரிக்காவில் காலேஜ் பார்க் திடல் 1909 முதல் இன்றுவரை இயங்குகிறது. இங்கிலாந்தில் ஓல்ட் வார்டன் என்னும் இடத்தில், ஷட்டில்வொர்த் குடும்பத்து நிலத்தில், ஒரு புல் திடல் இருக்கிறது. 1909இல் செய்த பிளெரியோ விமானம் ஒன்றை அங்கே இன்னும் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். காட்சி நாட்களில் மாலை ஆகும்வரை அதை வெளியே எடுப்பதில்லை. காற்று அடங்கினால் மட்டும் தள்ளிக்கொண்டு வருவார்கள். புல்லுக்குச் சில அடி மேலே எழுந்து, திரும்பாமல் நேராகப் போய், திடல் முடிவதற்குள் இறங்கிவிடும். காற்று அடங்காவிட்டால் அன்றைக்கு இல்லை.

அன்புடன்