விளக்கும் குடமும்

அன்புள்ள அண்ணா,

ஜனாதிபதி முறையை ஒழிப்பதா இல்லையா என்று சர்வஜன வாக்கெடுப்பு வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடாதா? பிரித்தானியா பிரெக்சிற்றை அப்படித்தானே தீர்த்தது? சுவிஸில் எத்தனை நடக்கின்றன! மக்களே நேரடியாகத் தீர்மானிப்பதைவிடப் பெரிய ஜனநாயகம் உண்டா?

சட்ட மாணவி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

சில நாட்களாக மனதில் கிடந்த விஷயத்தையே கேட்டுவிட்டீர்கள். சுவிஸை விடுங்கள். அங்கே அது பழகிய வேலை. இலங்கையில் நமக்கு இதுவரை ஒன்றே ஒன்று.

பிரித்தானியா "தீர்த்தது" என்கிறீர்களே, சட்டம் படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 51.9 வீதம், இருக்க 48.1 வீதம். எப்படி விலகுவது என்று சீட்டில் ஒரு வரி இல்லை. அதனால்தான் 2019இல் விலகல் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது.

நம்முடையதற்கு வருவோம். 1982 டிசம்பர் 22. சீட்டில் இரண்டு சின்னம்: ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நல்ல காரியத்துக்கு நம் வீட்டு வாசலில் சேர்த்து வைக்கிற இரண்டையும் பிரித்து, ஒன்றைத் தெரிவு செய் என்றார்கள். கேட்ட கேள்வி, 1977இல் தெரிவான பாராளுமன்றம் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்பது. 1977இல் பழைய தொகுதி முறையில் பாதி வாக்குக்குச் சற்று மேல் பெற்று 168 ஆசனங்களில் 140ஐ எடுத்த ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு, புதிய விகிதாசார முறையில் மூன்றில் இரண்டு கிடைக்காது என்று தெரியும். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே வாக்கெடுப்பு நடந்தது.

கணக்கைப் பாருங்கள். வாக்காளர் இடாப்பில் 81 இலட்சம் பேர். விளக்குக்கு 31 இலட்சம், குடத்துக்கு 26 இலட்சம். பொதுத்தேர்தலில் 26 இலட்சம் வாக்கு விழுந்தால், விகிதாசாரத்தில் அதற்கேற்ற ஆசனம் வரும். எதிர்க்கட்சி என்று ஒன்று உட்கார்ந்து கேள்வி கேட்கும். வாக்கெடுப்பில் அந்த 26 இலட்சத்துக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது வாக்கு குடத்துக்கு. அதுவும் காற்றோடு போயிற்று.

83 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆகஸ்டில் ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றியது ஆயுள் நீட்டப்பட்ட அதே சபை. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அத்திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில். அதற்குள் வடக்கிலும் தெற்கிலும் இளைஞர் கையில் துவக்கு.

"மக்கள்" என்று எழுதுமுன் நம் அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரையை வாசியுங்கள். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். அவை இடாப்பின் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால் மட்டும், ஆம் வாக்கு இடாப்பின் மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும். நூறு பேரில் அறுபது பேர் வந்தால், முப்பத்துநாலு பேர் போதும். அந்த முப்பத்துநாலும் எந்த மாகாணத்தவர் என்று சட்டம் கேட்பதில்லை. கிழக்கு முழுவதும், மலையகம் முழுவதும் மறுத்தாலும் நிறைவேறும்.

ஜனாதிபதி முறை போகவேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை, பிள்ளை. சட்டமூலம் முழுதாகத் தமிழிலும் சிங்களத்திலும் வீடுவீடாக வரட்டும். ஒரு சீட்டில் ஒரு கேள்வி. அவசரகாலம் இருந்தால் வாக்கெடுப்பு இல்லை. நாடளாவிய பெரும்பான்மையோடு, ஒன்பது மாகாணங்களில் ஐந்திலாவது பெரும்பான்மை. இதைச் சட்டத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். திகதியைப் பிறகு கேட்கலாம்.